கடவுச்சொற்களை வைத்த இடம்

பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு நான் சர்வர் அமைத்துக் கொடுத்திருந்தேன். பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. மாடியில் டிசைன் அறை. அங்கே வரையும் பூ வேலைப்பாடுகள் கோப்புகளாகச் சர்வரில் போய் உட்காரும். கீழே தறிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிகள் அவற்றை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் ஓடும் பெட்டி ஒன்று, அதில் கோப்புகளைப் பகிர்கிற மென்பொருள் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த மென்பொருளைத் தயார்நிலையில் கிடைப்பதாகவே இறக்கிப் போட்டிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம். தறிப் பக்கத்துக் கணினிகள் பழசு, மூல நிரலிலிருந்து நானே கட்டினால்தான் அவற்றுக்கு ஒத்துவரும் என்றேன். அதில் பாதி உண்மை, மீதி பந்தா. வீடு கட்டும் முன் கொத்தனாரிடம் சமையலறை இங்கே, தண்ணீர்த் தொட்டி அங்கே என்று காட்டுகிற மாதிரி, இதற்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பயனர்களின் கடவுச்சொற்கள் எந்த ஃபோல்டரில், தற்காலிகக் கோப்புகள் எந்த ஃபோல்டரில் என்று நீளமாக ஒரு கட்டளை வரி. மளமளவென்று அடித்தேன். கட்டி முடித்தது, ஓடியது. கோவைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

முதல் அமாவாசை வந்தது. எங்கள் பக்கம் பட்டறையோ தறிக் கூடமோ, அமாவாசை பூஜை தவறாது. மெயினையே அணைத்துவிட்டு, தறிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் மறுபடி ஓட்டுவார்கள். சர்வரையும் யுபிஎஸ்ஸையும்கூட அணைத்துப் பொட்டு வைப்பார்கள். மற்ற நாட்களில் கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் இருப்பதால் சர்வர் அணையவே அணையாது. பூஜை முடிந்ததும் அதை முதலில் போடுவது டிசைன் அறைப் பொறுப்பிலிருந்த அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. அன்றைக்கு அவர் போட்டதும் எந்தத் தறிக்கும் டிசைன் வரவில்லை.

"ஏனுங்க தம்பி, எல்லாத்துலயும் பாஸ்வேர்டு தப்புங்குதுங்க" என்று அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

போய்ப் பார்த்தால் சர்வரில் ஒரு பயனர்கூட இல்லை. எல்லாரையும் திரும்பச் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த அமாவாசையும் அதே கூத்து. மூன்றாவது அமாவாசையும் அதேதான். முதலாளி மாடிக்கு வந்து, "என்னங்க தம்பி இது?" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரோ சரியா அணைக்காம, சரியா போடாம விட்டுர்றாங்கய்யா. பாத்துப் பண்ணச் சொல்லுங்க" என்றேன். என் வேலையில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்கள்ள. அடுத்த அமாவாசைக்கு என்ற மருமவ போடட்டுங்க."

"செரிங்க" என்றார் அக்கா. முகம் சுண்டிப்போயிருந்தது.

இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது என்று பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். பெரிய விஞ்ஞானி!

அடுத்த அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, வேறொரு இடத்துக்கு இதே மென்பொருளைக் கட்ட வேண்டிவந்தது. பழைய கட்டளை வரியை எடுத்துப் பார்த்தேன். தற்காலிகக் கோப்புகளுக்கு ஒரு ஃபோல்டரைக் கொடுத்திருந்தேன். கடவுச்சொற்களுக்கும் அதையே வெட்டி ஒட்டிவிட்டு, மாற்ற மறந்திருக்கிறேன். அந்த ஃபோல்டர் ஹார்டு டிஸ்கில் இல்லாமல் நினைவகத்தில் மட்டும் இருப்பது. இயந்திரத்தை அணைத்தால் அடியோடு அழிந்துபோகும். போதாக்குறைக்கு, ஃபோல்டர் இல்லையென்றால் காலியாக ஒன்றை உருவாக்கிக்கொள் என்று நானே எழுதியும் வைத்திருந்தேன்; அதனால் பிழை என்று எதுவும் காட்டவில்லை. அடப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கூசிப்போனது.

அப்போதே ஃபோன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. அமாவாசைக்கு முதல் நாள், "சும்மா ஒரு அப்டேட்டுங்க" என்று போய், இடத்தை மாற்றிக் கட்டி, இரண்டு முறை அணைத்துப் போட்டுச் சோதித்தேன். எல்லாம் சரி. இனி பிரச்சினை வராது, தானாக மறந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். நாளைக்குப் போடப்போவது யார் கை என்பதை நான் யோசிக்கவே இல்லை. சொன்னால் நம்புவீர்களா, தெரியவில்லை.

மறுநாளும் போனேன். சூடம் காட்டினார்கள். மருமகள் வந்து பொத்தானை அழுத்தினார். கீழே ஒவ்வொரு தறியாக டிசைனை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா தம்பி! கை மாத்துனதும் செரியாப்போச்சு" என்றார் முதலாளி, அத்தனை பேர் முன்னால். அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யா, தப்பு என்னுதுங்க" என்றேன். "நான்தான் பாஸ்வேர்டெல்லாம் தப்பான எடத்துல வெச்சுட்டேன். நேத்து மாத்துனேன், அதனாலதான் இன்னிக்கு ஓடுது. இதுக்கும் அக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க." மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவர் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"நல்ல மனசுங்க உங்களுக்கு. அம்மணி மேல பழி வரக்கூடாதுன்னு பாக்குறீங்க. உடுங்க தம்பி, பொரி எடுத்துக்கங்க."

கிளம்பும்போது அக்கா மாடிப்படி வரைக்கும் வந்தார். "நீங்க சொன்னது நெசமாலுமேங்களா?"

"சத்தியமா நெசம்க்கா."

"எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

இதிலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. "பத்து நாளாச்சுங்க" என்றேன்.



"போன வெள்ளிக்கெழமதானுங்க என்ற பொண்ணுக்கு நிச்சயம்" என்றார். "என்ற கையால தட்டு மாத்த வேண்டாம்னு, நாத்தனாகிட்டக் குடுத்துப்போட்டு ஒதுங்கி நின்னுட்டனுங்க."