எங்கள் வார்த்தை

அவர் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுபவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் எழுத்துக்காரர். முப்பது வருஷமாகச் சிலுவையும் வெட்டினார், பிறையும் வெட்டினார். ‘பிழை இருக்குன்னு இதுவரைக்கும் ஒரு பிணம்கூட எழுந்து வந்ததில்லை’ என்று தானே பெருமையடித்துக்கொள்வார். அந்த வட்டாரத்தில் அரபி எழுத்து வெட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முஸ்லிம்; சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்றவர். எழுத்து எல்லாம் தெரியும், அர்த்தம் கொஞ்சம்தான் தெரியும். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

ரொட்டிக்கடைக்காரர் இறந்தபோது அவர் மனைவி ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். இருவரும் அரபு நாட்டுக் கிறிஸ்தவர்கள். இளவயதில் பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். சீட்டில் மேலே ஒரு சிலுவை, நடுவில் பெயர், அடியில் அரபியில் இரண்டே வார்த்தைகள். ‘கடவுளே அன்பு’ என்று பொருள் சொன்னார் அந்த அம்மா. அதில் கடவுள் இருக்கவேண்டிய இடத்தில் அல்லாஹ் என்று இருந்தது.

எழுத்துக்காரருக்குச் சுருக்கென்றது. சிலுவைக்குக் கீழே இந்த வார்த்தையா? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடுமே! அந்த வார்த்தைக்கான இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, மற்றதை வெட்டி வைத்தார்.

கல்லை எடுக்க வந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார். “ஒண்ணு காணோமே?”

“அது எங்க வார்த்தைம்மா. சிலுவைக்குக் கீழே வெட்ட என் கை வராது.” நாலு பேர் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னார்.

“அவர் கடைசியா சொன்னது அதைத்தான்” என்றார் அந்த அம்மா. கல்லறையில் உறவுக்காரர்கள் காத்திருந்தார்கள். கல் அப்படியே போயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை வீரப் பிரதாபமாக அளந்தார். அவர் மனைவி ஒரு காலத்தில் அரபு நாட்டு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்தவர். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“கழுத்துல சிலுவை போட்ட பொண்ணுங்களும் வலி வந்தா ‘யா அல்லாஹ்’னுதாங்க கத்துவாங்க. அங்க கடவுளுக்கு அதான் பேரு. இலாஹ்னா ஒரு கடவுள். முன்னாடி அல் சேத்தா அந்த ஒரே கடவுள். அதுலேருந்து வந்ததுன்னுதான் சொல்லுவாங்க.”

“நீ சும்மா இரு.”

“சரி, நபிகளோட அப்பா பேரு என்ன?”

“அப்துல்லாஹ்.” குழந்தைகூடச் சொல்லும். அல்லாஹ்வின் அடிமை என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த கொஞ்சத்தில் அதுவும் ஒன்று.

“அவருக்கு அந்தப் பேரு வச்சப்போ நபிகள் பொறந்தாச்சா?”

எழுத்துக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது: நபிகள் பிறக்கும் முன்பே அந்தப் பெயருக்குள் அல்லாஹ் இருந்திருக்கிறது. தினம் சொல்கிற பெயர். ஒரு நாளாவது யோசித்தாரா? துக்கத்தில் வந்த அம்மாவை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறார், அதுவும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு.

மறுநாள் காலையில் உளிப் பையோடு கல்லறைக்குப் போனார். அந்த அம்மா அங்கேதான் இருந்தார். எழுத்துக்காரர் வெறுமனே விட்ட இடத்தில் கண்மைப் பென்சிலால் அந்த வார்த்தையைக் கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தார்.

“தப்புப் பண்ணிட்டேம்மா. எனக்குத் தெரியல. தெரியாதுன்னு சொல்லவும் வெக்கமா இருந்துச்சு” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அந்த அம்மா நகர்ந்து இடம் விட்டார்.

அந்தக் கோணலிலேயே வெட்டுவது என்று முடிவு செய்து, மண்டியிட்டு உளியை வைத்தார். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லாமல் அவர் ஒரு கல்லையும் தொட்டதில்லை. இன்று வாய் வரவில்லை. நேற்று எங்கள் வார்த்தை என்று முழங்கிய வாய்தானே இது என்று கூசியது. திரும்பிப் பார்த்தார்.

“நான் அந்தப் பேரைச் சொல்லிக்கலாமாம்மா?”

“என்கிட்ட ஏன் கேக்கறீங்க?” என்றார் அந்த அம்மா. “அது என்னோடதா?”