வாயைப் பார்த்துப் படித்த ஜெர்மன்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தகடு அடிக்கும் ஒற்றைப் பிரஸ் மெஷினில் தொடங்கினேன். இன்று ஏழு ஓடுகிறது. முப்பத்தொரு வருஷத்தில் என் பட்டறைச் சத்தம் நின்ற வேலைநாள் கிடையாது. நான் சொல்ல வேண்டியதில்லை, தெருவே சொல்லும். அங்கே இருபத்து நாலு வருஷமாகத் தகடு வெட்டுகிற மாப்பிள்ளையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் தங்கை மகளைக் கட்டியவர்.

அவள் நர்ஸ். மூன்று வருஷம் முன்பு ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். போன வருஷம் மகளையும் அழைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் அவர்களோடு அங்கே குடியேற வேண்டுமானால் ஜெர்மன் மொழியில் முதல் படித் தேர்வில் தேற வேண்டும். நூற்றுக்கு அறுபது.

நாற்பத்தாறு வயதில் நோட்டும் பேனாவுமாக ஜெர்மன் வகுப்புக்குக் கிளம்பினார். பட்டறையில் 'ஜெர்மன் துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சளைக்கவில்லை. தகடு அடுக்கும் மேசையில் சாக்பீஸால் பத்து வார்த்தை எழுதுவார். மாலைக்குள் எண்ணெய்க் கைபட்டு அழிந்திருக்கும், அவர் மண்டையில் ஏறியிருக்கும். அந்த ஊர் வழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. எட்டு மணி ஷிஃப்டுக்கு ஐந்து நிமிஷம் முன்பே நிற்பார். காகிதம், கண்ணாடி, மிச்சம் என்று குப்பைக்கு மூன்று டப்பா வைத்தார். வண்டிக்காரர் மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனார்.

"ஞாயித்துக்கிழமை அங்க ஆணி கூட அடிக்கக் கூடாதாம் மாமா. அவ்ளோ அமைதியா இருக்குமாம்" என்பார் ஆசையாக.

"அப்படி ஒரு ஊர் எப்படித்தான் உருப்பட்டுச்சோ" என்பேன்.

வகுப்பில் அவர்தான் முதல். டீச்சரம்மாவே என்னிடம் சொன்னார், மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள், இவர் என் வாயை விட்டுக் கண் எடுப்பதில்லை என்று. நான் வளர்த்த ஆள் ஆயிற்றே என்றேன்.

தேர்வில் ஐம்பத்தாறு. பேச்சில் கிட்டத்தட்ட முழு மார்க். படிப்பதும் எழுதுவதும் சுமார். ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் பகுதியில் இருபத்தைந்துக்கு மூன்று. பதற்றம் என்று தேற்றினோம். இரண்டாம் முறையும் அங்கேயே விழுந்தார். டீச்சரம்மா அவரை எதிரே உட்கார வைத்து, வருகைப் பதிவேட்டால் தன் வாயை மறைத்துக்கொண்டு, முதல் பாடத்திலிருந்து கேள்வி கேட்டாராம். மாப்பிள்ளை சிரித்தபடி உட்கார்ந்திருந்தாராம். பிறகு தமிழில் கேட்டாராம். அப்போதும் அதே சிரிப்பு.

என் பட்டறையில் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. வாயசைவும் கைஜாடையும்தான். அங்கே பழகிய கண் வெளியிலும் காதின் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. காது போனது அவருக்கே தெரியவில்லை. காதில் பஞ்சு வைக்காமல் நிற்பவன்தான் வேலைக்காரன் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

போன செவி வராது என்றார் டாக்டர். காதுக் கருவியோடும், டாக்டர் சீட்டைக் காட்டித் தேர்வு நடத்துபவர்களிடம் கேட்டு வாங்கிய தனி ஸ்பீக்கரோடும் மூன்றாம் முறை உட்கார்ந்தார். சத்தம் பெரிதானதே தவிர வார்த்தை பிரியவில்லை. ஐம்பத்து நாலு.

இன்னொரு தரம் எழுதிப் பார்க்கச் சொன்னேன்.

"எதுக்கு மாமா? முகம் தெரிஞ்சா யார்கிட்டயும் பேசிடுவேன். அது முகமே இல்லாமப் பேசுது."

மேசையில் அதன்பின் சாக்பீஸ் எழுத்து இல்லை.

போன ஞாயிறு மதியம் என் வீட்டிலிருந்துதான் மகளோடு வீடியோவில் பேசினார். அவள் தமிழும் ஜெர்மனுமாகக் கலந்துகட்டி அடிக்க, இவர் அவள் வாயைப் பார்த்து இரண்டிலும் பதில் சொன்னார். பிறகு அவள் ஃபோனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு ஷூ மாட்டப் போனாள். திரையில் வெள்ளைக் கூரையும் ஒரு விளக்கும் மட்டும்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். மூன்றாவது மெஷின் வாங்கியதுமே கண்ணாடி அறை கட்டி உள்ளே உட்கார்ந்துவிட்டவன்.

"அப்பா, நான் மூணாவது போறதுக்குள்ள இங்கயே இருக்க வந்துடுவீங்களா? சும்மா சொல்லக் கூடாது."

மாப்பிள்ளை காதுக் கருவியைத் தொட்டபடி கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். "சரிம்மா."

அங்கே ஒரு சந்தோஷக் கூச்சல். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடும் காலடி.

கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போயிட்டாளா மாமா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.