காதைத் தொட்ட வயது

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது அவளுடைய அப்பாதான். அப்போதுதான் அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்து கேட்டார்கள். அந்தக் காலத்துத் தாம்பரத்தில் பிறப்பு சர்டிபிகேட்டை யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து. இவள் கை எட்டவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையின் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். விரல் காதைத் தொட்டது.

"பாருங்க சார், தொட்டுட்டா!"

ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரு வருடம் கூட்டி எழுதிக்கொண்டார். எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான்.

தீபாவளிக்குள் நாங்கள் பிரிந்துவிட்டோம். நான் பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் மேடவாக்கத்துக்கு, தன் வீட்டாரிடமே போய்விட்டார். பொங்கல் கழிந்ததும் செங்கல்பட்டு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமாம். வயது ஐந்து முடிந்துவிட்டது என்று எழுதி, பள்ளிக்கூட சர்டிபிகேட்டையும் சேர்த்திருந்தார். ஐந்து முடியாத பிள்ளை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். முடிந்துவிட்டால் அப்பாவின் கை ஓங்கிவிடும். தலையைச் சாய்த்துப் பிடித்த அதே கைதான் மனுவில் கையெழுத்தும் போட்டிருந்தது.

என் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிறப்பு சர்டிபிகேட்டையும் கொடுத்தேன். மனுஷன் நன்றாகத் தலையாட்டினார். பதில் மனுவை இங்கிலீஷில் டைப் அடித்து நீட்டினார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தாக்கலும் ஆகிவிட்டது. பிறகு அண்ணன் நகலைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வயது ஐந்து முடிந்தது என்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது!

"என்ன சார் இது? நாலுதான் முடிஞ்சிருக்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"டைப்பிஸ்ட் பண்ணின வேலைம்மா. அவங்க மனுவைப் பார்த்து அடிச்சிருக்கான். ஒரு திருத்த மனு போட்டா முடிஞ்சுது."

"அதை அடிச்சுட்டு சரியா எழுதக் கூடாதா?"

"ஐயோ, ஃபைல் பண்ணினதுல கை வைக்கவே கூடாது. ஒத்துக்கிட்டதை மாத்தணும்னா ஜட்ஜ் உத்தரவு வேணும்."

முடிந்தது என்றாரே, எங்கே முடிந்தது! ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு ரயிலேற வேண்டும். ஊரப்பாக்கத்து வயல்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்தே போனது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "ஆட்சேபணை இருக்கிறது, அவகாசம் வேண்டும்" என்பார். கொடுப்பார்கள். ஒரு தடவை ஜட்ஜ் லீவு. இன்னொரு தடவை திருத்த மனுவிலேயே வழக்கு நம்பர் தப்பு என்று திருப்பிக் கொடுத்தார்கள். திருத்தத்துக்கே ஒரு திருத்தம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு நாள் கோர்ட்டு வராண்டாவில் அவரையே நேராகக் கேட்டேன்.

"நீங்கதானே அவ தலையைப் பிடிச்சீங்க? மனசாட்சியோட சொல்லுங்க."

"எதுவா இருந்தாலும் கோர்ட்ல சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் கடலைப் பொட்டலத்தைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டார்கள். அந்த மாதம்தான் என் மகளின் பிறந்தநாள். பாயசம் வைத்தேன். அவள் இரண்டு டம்ளர் குடித்தாள்.

விடுமுறை முடிந்து, ஜூனில் திருத்த மனுவை மறுபடியும் எடுத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

அவ்வளவுதான். ஜட்ஜ் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். என் வக்கீல் வெளியே வந்து, "ஜெயிச்சுட்டோம்மா!" என்றார். முகமெல்லாம் பல்.

"சார், போன மாசம் அவளுக்கு நெஜமாவே அஞ்சு முடிஞ்சுடுச்சு."

அவர் கேஸ் கட்டைப் பிரித்து எதையோ தேட ஆரம்பித்தார். வராண்டாவின் அந்தக் கோடியில் அவளுடைய அப்பாவும் அவருடைய வக்கீலும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடமே தீர்ப்பு வந்தது. பிள்ளை அப்பாவிடம் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னிடம். முதல் பக்கத்திலேயே அவள் வயதைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.