ஜேன் டீச்சரின் மரப் பால்கனி

சயாஜிராவ் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் ஜேன் டீச்சர். கௌதள்ளிப் பக்கத்திலிருந்து வந்து மிஷன் பள்ளியில் சேர்ந்தவர். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முயன்று தோற்றவர். அவரைக் கண்டு பயப்படாத பையன் கிடையாது. அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: மாடியின் முன்னால் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மரப் பால்கனிக்கு.

அவர் கணவர் மதலைமுத்து பட்டு ஆலையில் வேலை பார்த்தவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாடிப்படியோ ஏணியைப் போலச் செங்குத்து. அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. அவருக்கு வெயிலும் ஊரும் மிச்சமிருந்தது அந்தப் பால்கனி நாற்காலியில்தான்.

அதனால் காலையில் நாற்காலியை வெளியே போடுமுன் டீச்சர் சோதனை நடத்துவார். சுவெட்டர் பின்னும் இரும்பு ஊசியால் பலகைகளைக் குத்துவார். இறங்காவிட்டால் நல்ல மரம். தண்ணீர் தேங்காமலிருக்க இடுக்கிலுள்ள குப்பையைச் சுரண்டுவார். கைப்பிடியைப் பிடித்து உலுக்குவார். கடைசியில் தானே ஏறிக் குதிப்பார். எங்கள் வாசலில் காரை உதிரும்.

"டீச்சர், பூகம்பம்!" என்று கீழிருந்து கத்துவேன்.

"மேல வாடா மைக்கேலு, உன்னப் போட்டு மிதிக்கறேன். அதுவும் ஒரு சோதனைதான்!"

வீட்டுக்காரர் பசவராஜுக்கு வேறு கவலை. தசரா ஊர்வலம் எங்கள் ரோட்டில்தான் போகும். பால்கனி வைத்திருப்பவன் அன்றைக்கு ராஜா. உறவு ஜனமெல்லாம் அவன் வீட்டில்தான். அதற்காக மழை ஓய்ந்தும் ஓயாமலும், ஈர மரத்தின்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்துவிடுவார். ரோடு பூராவும் இதே கதைதான்.

"யஜமான்ரே, இந்த வருசம் பெயிண்ட் வேண்டாமுங்க. ஈரம் உள்ளயே புழுங்கி மரம் மக்கிப்போச்சு. முதல்ல உத்தரத்த மாத்துங்க" என்றார் டீச்சர்.

"தசராக்கு வீடு மூளியா நின்னா ஜன ஏனந்தாரு, டீச்சரம்மா? சனங்க என்ன சொல்லுவாங்க? ஊரு சிரிக்கும்ல?"

பெயிண்ட் அடித்தாயிற்று. பால்கனி மாப்பிள்ளை மாதிரி மின்னியது. டீச்சர் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார். "உத்தரம் மாத்தற வரைக்குந்தானுங்க" என்று கணவருக்குச் சமாதானம் சொன்னார்.

ஊர்வலத்தன்று டிபன் கேரியரும் குழந்தைகளுமாக வீட்டுக்காரரின் உறவினர்கள் ஏறி வந்தார்கள். பால்கனிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார் டீச்சர்.

"யாரும் கால் வைக்கக் கூடாது."

"வருசா வருசம் நாங்க நிக்கற எடம். நீ யாரு?" என்றாள் வீட்டுக்காரரின் அக்கா லிங்கம்மா.

டீச்சர் குனிந்து, சுவரோரம் உத்தரத்தில் ஊசியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல முழுசாக இறங்கியது. பச்சைப் பெயிண்டின்மேல் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. லிங்கம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். எல்லோரும் தெருக்கூட்டத்தில் இடிபட்டு, யானையின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்து, டீச்சரைத் திட்டினார்கள். உள்ளே மதலைமுத்து பேண்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தசரா முடிந்ததும் பால்கனியைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். உத்தரம் கையாலேயே பிய்ந்தது. உயிர் பிழைத்தோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மறுநாள் கொத்தனார் வந்து, பால்கனிக்குப் போகும் கதவைப் பெயர்த்துவிட்டு அங்கே செங்கல் அடுக்கத் தொடங்கினார்.

"புதுசு கட்டலைங்களா?" டீச்சரின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நீங்கதானே பயம்னு சொன்னீங்க? இனி பயமே இல்ல, டீச்சரம்மா" என்றார் பசவராஜ்.

"அவரு எங்க உக்காருவாருங்க?"

"உள்ள உக்காரட்டும். விழமாட்டாருல்ல?"

இப்போது சாயங்காலங்களில் நான் மேலே போய்த் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன், நடக்காததையும் சேர்த்து. மதலைமுத்து சுவரைப் பார்த்தபடி கேட்பார், பாதியில் தூங்கிவிடுவார்.

நேற்று டீச்சர் சொன்னார்: "நான் வாய மூடிட்டு இருந்திருக்கோணும்டா."

"எல்லாரும் விழுந்திருப்பாங்களே, டீச்சர்."

"ஆமா. விழுந்திருப்பாங்க" என்றார்.