மூன்றாம் மாடிக் கதிரை

எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதாகி ஐந்து கிழமைகள் ஆகியிருந்தன. என் வீடு நான்காம் மாடியில். கொழும்புக் கோட்டையில் நாள் முழுவதும் கந்தோரில் எழுத்து வேலை, பிறகு காலி வீதி என்ற பெருந்தெருவின் நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி பயணம், அதற்கும் பிறகு இந்தப் படிகள். முழங்கால் வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மூன்றாம் மாடிக்கு வந்ததும் கால் மேலே எழவில்லை. இன்னும் ஒரு மாடிதான். முடியவில்லை. மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்க் கதவு திறந்தது. எனக்கு நேர் கீழ் வீட்டில் தனியாக இருக்கும் அக்கா. நாங்கள் பேசி மூன்று வருடம். நான் பல்கனியில் காயப்போடும் உடுப்புகளின் தண்ணீர் தன் உடுப்புகளில் சொட்டுகிறது என்று சொல்ல வந்தவரிடம், “அப்ப நான் எங்க காயப்போடுறது?” என்று கேட்டுவிட்டு, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவள் நான்.

“ஏன் படியில இருக்கிறீங்கள்?”

“ஒண்டுமில்லை. கொஞ்சம் களைப்பு.”

அவர் உள்ளே போனார். கதவை மூடிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு தண்ணீர் கொண்டுவந்தார்.

“லிஃப்ட் சரிவரும்வரைக்கும் இது இங்கயே கிடக்கட்டும். ஏறி வாற ஆக்கள் இதில இருக்கலாம்.”

கிடந்தது. ஆறாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் பெரியவர் பேக்கரிப் பாண் பையோடு அதில் உட்கார்ந்திருப்பார். அதுவரை தலையை மட்டும் ஆட்டிப் போனவர், “முழங்கால் எப்படி மகள்?” என்று கேட்கத் தொடங்கினார்.

ஒரு கிழமை போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“அக்கா, அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது.”

“எனக்கும் சரியான கோவம்தான்,” என்றார். “மேல வந்து சண்டை பிடிக்க இப்ப எனக்குக் கால் ஏலாது.”

இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணும் கலங்கிவிட்டது.

லிஃப்டைத் திருத்தியதும் கதிரை உள்ளே போய்விட்டது. என் களைப்பு எங்கும் போகவில்லை. சில மாலைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசவும் தெம்பிருப்பதில்லை. அப்படியான நாட்களிலும் மூன்றாம் மாடியில் இறங்கி அக்கா வீட்டு மணியை அடிக்கிறேன். அவர் எதுவும் கேட்காமல் பாலில்லாத பிளேன்டீ ஊற்றுகிறார். குடித்து முடிக்கும்வரை இருவரும் சும்மா இருக்கிறோம்.