கல் தண்ணீர் குடித்த இருபத்தோரு நாள்

என் தங்கச்சி பத்தொன்பது வருஷம் ஒரே வேலை பார்த்தாள். ஹாலோ பிளாக் கம்பெனியில் ஹோஸ் குழாயைப் பிடித்துக் கல்லுக்குத் தண்ணீர் அடிக்கிற வேலை. காலையில் ஒரு தரம், உச்சி வெயிலுக்கு முன்னால் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம். அவள் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது. ‘ஹோஸ் அக்கா' என்றால்தான் தெரியும். சிமென்ட் தண்ணீரிலேயே ஊறி ஊறி அவள் விரல் நுனியில் ரேகை அழிந்துவிட்டது. வங்கியில் கட்டைவிரல் வைக்கிற கருவி நாலு தரம் அவளை யாரென்று கேட்டது. ஐந்தாம் தரம், அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது.

நான் அவளுக்கு மூத்தவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை சிமென்ட் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் விற்றவன். இன்றைக்கு இரண்டு கடை, ஒரு லாரி, சொந்தக் குடோன். யார் தோளையும் பிடித்து நான் ஏறவில்லை. கணக்கு எனக்கு வாயிலேயே வரும். என் கடைக் கணக்குப்பிள்ளை பட்டன் தட்டி முடிப்பதற்குள் நான் மொத்தத்தைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

அந்தக் கல் கம்பெனிக்காரர் இடத்தை விற்றுவிட்டுக் கம்பெனியை மூடினார். ஆறு மாசம் நடையாய் நடந்து தங்கச்சி தன் சேவைப் பணத்தை வாங்கினாள். மூன்றரை லட்சம். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், லாரி ஓட்டியவர். விபத்தில் இடுப்பு போய் நாலு வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். அவருக்கு வந்த நஷ்ட ஈட்டில் வைத்தியம் போக மிஞ்சியது இரண்டரை லட்சம். ஆக மொத்தம் ஆறு. அந்த வீட்டுக்கு இனி எந்தத் திசையிலிருந்தும் ஒரு காசு வர வழியில்லை.

ஒரு நாள் கடைக்கு வந்து, மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்லக்கூடாது, விழுந்தாள்.

“அண்ணே, அடுத்தவங்க கல்லுக்குத் தண்ணி அடிக்க இனிமே எனக்குத் தெம்பு இல்ல. அடிச்சுத்தான் ஆகணும்னா என் கல்லுக்கே அடிச்சுட்டுப் போறேன்.”

“மெஷின் வாங்கணும்கிற. அவ்வளவுதானே? அதை என்கிட்ட விடு.”

“விடல. கூட வான்னுதான் கேக்குறேன்.”

அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் படவில்லை.

அடுத்த வாரம் மச்சானை அவள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நான் மட்டும் பழைய மெஷின் விற்கிற ஷெட்டுக்குப் போனேன். அங்கே ஒரு முட்டை மெஷின் நின்றது. தொழிலில் அதை அப்படித்தான் சொல்வார்கள். ஒரே அமுக்கில் பத்துக் கல்லைத் தரையில் வைத்துவிட்டு, சக்கரத்தில் நகர்ந்து போய் அடுத்த பத்தை வைக்கும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கல். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. நாலே முக்கால் லட்சம் சொன்னான் கடைக்காரன். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல் வரை போனேன், செருப்பை மாட்டினேன், திரும்பி வந்தேன். மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு முடித்தேன். வேறொரு ஆளும் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததால், கடையிலிருந்து ஐம்பதாயிரத்தை வரவழைத்து அங்கேயே முன்பணமாக வைத்துவிட்டேன். அவள் பணம்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று என் கடைப் பெட்டியில் கொடுத்து வைத்திருந்தாள்.

இன்றைக்கும் சொல்கிறேன், அந்த மெஷினை அந்த விலைக்கு இன்னொருவன் பேசியிருக்க முடியாது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஒரே அறை. கட்டில் போக மீதி இடத்தில் அடுப்பு, தண்ணீர்க் குடம், மருந்து டப்பா. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“முட்டை மெஷினா?”

“பத்துக் கல்லு ஒரே அமுக்குல! அடக்க விலை போக நாளைக்கு எவ்வளவு நிக்கும் தெரியுமா? மாசத்துக்கு…”

“அண்ணே, அது எதுமேல முட்டை போடும்?”

“தரை மேலதான்.”

“எந்தத் தரை? நான் வாடகைக்குப் பேசியிருக்கிற இடம் வெறும் மண்ணு. முட்டை மெஷினுக்குக் கண்ணாடி மாதிரி காங்கிரீட் தரை வேணும். கொஞ்சம் பள்ளம் மேடு இருந்தாலும் கல்லு கோணிக்கும். அந்த இடம் முழுக்கத் தரை போட என்ன ஆகும்? உன் வாயிலேயே சொல்லு.”

வாயிலேயே சொன்னேன். மூன்று லட்சத்துக்குக் குறையாது.

“அடுத்தவன் மண்ணுல மூணு லட்சத்தைக் கொட்டிட்டு, அவன் காலி பண்ணுன்னா சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு வர அது என்ன பாயா?”

கட்டிலில் இருந்து மச்சான் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கும் அவருக்கு. வலித்துக்கொண்டே சிரித்தார்.

நான் விடவில்லை. தரைக்கு என் கடை சிமென்ட்டைப் போடுகிறேன், மீதியைக் கல் விற்கிற காசிலேயே மாசாமாசம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“எப்ப விக்கும்?”

“போட்டதும்தான்.”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பச்சைக் கல்லை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு நாள் காய்ந்து, பிறகு அடுக்கி, தண்ணீர் அடித்து, இருபத்தோரு நாள் கழித்துத்தான் கல் வண்டியேறும். இரண்டாயிரம் கல் போட்டால் ஒரு நாளைக்குச் சிமென்ட், கிரஷர் பொடி, சிப்ஸ் ஜல்லி, கூலி எல்லாம் சேர்ந்து நாற்பத்தைந்தாயிரம். இருபத்தோரு நாளைக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல்.

“கல்லு தண்ணி குடிக்கிற நாள்ல நாம எதைக் குடிக்கிறது, அண்ணே?”

நான் சிமென்ட் விற்கிறவன். காலையில் மூட்டை போகும், பகலில் காசு வரும். என் கணக்கில் மெஷின் ஓடுகிற அன்றைக்கே வரவு ஆரம்பித்திருந்தது. நாற்பது வருஷமாகக் கல் கம்பெனிகளுக்குச் சரக்கு போட்டிருக்கிறேன். அந்த இருபத்தோரு நாளை நான் யோசித்ததே இல்லை.

“முன்பணத்தைத் திருப்பி வாங்கிடுவேன்” என்றேன்.

“அவன் குடுக்க மாட்டான். சீட்டுல எழுதியிருப்பான். படிச்சியா?”

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், சீட்டு மடித்தபடியே இருந்தது. அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கத்தியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் இருவரும் ஷெட்டுக்குப் போனோம். கடைக்காரன் சீட்டை விரித்துக் காட்டினான்.

“முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாதுன்னு போட்டிருக்கு பாருங்க அக்கா. ஐயா கையெழுத்து.”

“தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் ஷெட்டுக்குள்ளே நடந்தாள். மூலையில் ஒரு கலவை மெஷினுக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சின்ன மெஷின் கிடந்தது. ஒரு அமுக்குக்கு ஒரு கல். பலகையில் வைத்துத் தூக்க வேண்டும். நான் அதைப் பொம்மை என்றுதான் நினைத்தேன். அவள் அச்சுக்குள் கையை விட்டு நாலு பக்கமும் தடவினாள். ரேகை போன விரல்தான், அதற்கு எல்லாம் தெரிந்தது.

“அச்சு தேய்ஞ்சு போயிருக்கு தம்பி. இதுல போட்டா கல்லு பெருசாகும். நூத்துக்கு நாலு கல்லு கலவை சும்மா போகும். புது அச்சு வெச்சுக் குடுங்க. அந்தக் கலவை மெஷினையும் சேருங்க. முன்பணத்தைக் கழிச்சுக்குங்க.”

“என்ன விலைக்கு அக்கா?”

“ரெண்டும் ஒண்ணே தொண்ணூறு. அதுக்கு மேல என்கிட்ட இல்ல.”

அவன் ஏதேதோ சொன்னான். இரும்பு விலை, வெல்டிங் கூலி, குழந்தைகள் படிப்பு. அவள் ஒன்றும் பேசாமல் அந்தக் கலவை மெஷின் மேலேயே சாய்ந்து நின்றாள். நிஜமாகவே அசதி. பேரத்துக்காகச் செய்ததில்லை. கால் மணி நேரம் கழித்து அவன் என் பக்கம் திரும்பினான்.

“ஐயா, நீங்க நாள் முழுக்கப் பேரம் பேசினப்பகூட எனக்கு வலிக்கல. இவங்க பேசவே இல்ல, வலிக்குது” என்றான். கொடுத்துவிட்டான்.

அன்றைக்குச் சிமென்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, உள்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். மெஷின் இரண்டுக்கும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஒரு நாள் கல் ஒரு நாள் முழுக்கப் பலகையில் கிடக்க வேண்டும், ஆகையால் முந்நூறு கல்லுக்கு முந்நூறு பலகை, உடைகிறதுக்கு இருபது. இடத்துக்கு முன்பணம், கரண்ட் இணைப்பு, தண்ணீர்த் தொட்டி. இருபத்தோரு நாள் சரக்கும் இரண்டு ஆள் கூலியும் ஒன்றரை லட்சம். வீட்டுச் செலவும் மச்சானின் மருந்தும் இரண்டு மாசத்துக்கு. கடைசி வரியில் ‘என்னமோ' என்று எழுதி அதற்கு நேராக ஐம்பதாயிரம் போட்டிருந்தாள்.

“என்னம்மா இது ‘என்னமோ'?”

“அது என்னன்னு தெரிஞ்சா பேர் எழுதியிருக்க மாட்டேனா?”

“சிமென்ட்டை நான் போடுறேன். விலை வேணாம்.”

“வேணாம். ஓசி சிமென்ட்டுல கல்லு போட்டா, என் கல்லு எனக்கு என்ன விலைக்கு அடங்குதுன்னே தெரியாமப் போயிடும். எல்லாருக்கும் போடுற விலைக்குப் போடு.”

அப்படியே போட்டேன். மனசு கேட்காமல்தான் போட்டேன்.

கல் போட ஆரம்பித்தார்கள். அவளும் இரண்டு பெண்களும். கலவையை அள்ளிக் கொட்டுவது ஒருத்தி, அமுக்குவது தங்கச்சி, பலகையைத் தூக்கி வைப்பது ஒருத்தி. ஒரு கல் பதினைந்து கிலோ. முந்நூறு தரம். நான் தினமும் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போய் நின்றேன். நிற்பதற்கு வயசாகிவிட்டது, அதனால் உட்கார்ந்தேன்.

ஆறாம் நாள் கல் மெஷினின் மோட்டார் காயில் எரிந்தது. ‘என்னமோ'வில் பதினோராயிரம் போயிற்று. ஒன்பதாம் நாள் தண்ணீர் மோட்டாருக்குள் மண் ஏறியது. பன்னிரண்டாம் நாள் மச்சானுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கிரஷர் பொடிக்காரன் விலையை ஏற்றினான். பதினேழாம் நாள் ‘என்னமோ' தீர்ந்தது. சரக்குப் பணமும் அடிமட்டத்துக்கு வந்தது. அவள் கலவை மெஷினை நிறுத்தினாள். இரண்டு பெண்களுக்கும் கூலி கொடுத்து, சொல்லியனுப்புகிறேன் என்றாள்.

“நான் கைமாத்தா தரேன்” என்றேன்.

“ஒரு வண்டி போகட்டும். போகலைன்னா கேக்குறேன்.”

பிறகு நாலு நாள் அவள் மட்டும். கல்லும் தண்ணீரும். காலையில் மச்சானுக்குக் கஞ்சி வைத்துவிட்டு வருவாள், அடிப்பாள், போவாள், வருவாள். சாம்பல் நிற அடுக்குகள் வரிசையாக நின்றன. அவர்களுடைய ஆறு லட்சமும் ஈரமாக அங்கேதான் நின்றது.

இருபத்தோராம் நாள் காலையில் அவளுக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி வந்தார். மூன்று அறை வீடு ஒன்று கட்டுகிறார். நாங்கள் முதல் நாள் போட்ட கல் ஒன்றை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டார். கல் புரண்டு படுத்தது, உடையவில்லை. இன்னொன்றை எடுத்தார்.

“எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவீங்களா மேஸ்திரி? அப்புறம் வீட்டை எதால கட்டுவீங்க?” என்றாள் தங்கச்சி.

அவர் சிரித்துவிட்டு முந்நூறு கல்லுக்கும் காசு கொடுத்தார். நாளைக்கு இருபத்தோரு நாள் ஆகிற கல்லையும் தனக்கே வைக்கச் சொன்னார். வண்டி போனதும் அவள் பணத்தை எண்ணி, மூட்டைக் காகிதத்தில் எழுதி, மடித்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. பகல் பன்னிரண்டு மணி.

அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். மேஸ்திரி சொல்லி அனுப்பிய ஆள். மூவாயிரம் கல் வேண்டும், பத்து நாளில் வேண்டும், மொத்தமாக எடுப்பதால் விலையைக் குறைக்க வேண்டும் என்றார். நான் நினைத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் அந்த ஆளை மடக்கியிருப்பேன். விலை வாய் வரைக்கும் வந்தது.

“முதலாளி தூங்குறாங்க. எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“நீங்க யாரு?”

“நான் சிமென்ட் கடைக்காரன்.”

அவள் எழுந்தபோது மணி நாலு. விஷயத்தைச் சொன்னேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்.

“பத்து நாள்ல தர மாட்டேன்னு சொல்லு. ஒரு கல்லு பச்சையாப் போய் விரிசல் விட்டா, அப்புறம் எந்த மேஸ்திரியும் இந்தப் பக்கம் வர மாட்டான். மாசக் கடைசியில ரெண்டாயிரம் தரேன். விலை மேஸ்திரிக்குக் குடுத்ததுதான்.”

அப்படியே சொன்னேன். அந்த ஆள் அந்த இரண்டாயிரத்தையும் தனக்கே வைக்கச் சொன்னார்.

“சரின்னுட்டார்” என்றேன்.

அவளுக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. தொட்டியில் முகம் கழுவினாள். அந்த இரண்டு பெண்களுக்கும் காலையில் வரச் சொல்லி போன் போட்டாள். என்னைப் பார்த்து, நாளைக்கு ஒன்பது மூட்டை என்றாள்.