கடலுக்கு நுனி காட்டிய கம்பி

"உனக்கென்னத்துக்கடி இந்த விடுப்புக் கேள்வி? கம்பி ஏன் கரையோட கிடக்குது, கடலைப் பாத்து நீட்டினால் என்ன எண்டு கேக்கிற நேரத்துக்குப் போய் அந்த மீனைக் கழுவு."

பேத்தியை இப்படித்தான் விரட்டினேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் அந்தக் கம்பியைப் பற்றி எனக்குத் தெரியும். பிந்தித் தெரிந்தது.

என் கிழவர், கிழமைக்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கிற பலநாள் படகில் சமையல்காரர். வலை இழுக்க ஏலாத வயதிலும் கடலை விடவில்லை. வீட்டுக் குசினியில், படகோடு கதைக்க எனக்கொரு ரேடியோ செற் பூட்டித் தந்திருந்தார். முற்றத்து இரண்டு பனைகளுக்கு இடையில், கரையோடு ஒட்டி, ஒரு செம்புக் கம்பி. அதன் நடுவிலிருந்து ஒரு கறுத்த வயர் செற்றுக்கு இறங்கும். தினமும் காலை ஆறு மணிக்குக் கதைப்போம். மற்றப் படகுகளும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"என்ன கறி? ஓவர்." ஒரு நாள் கேட்டேன்.

"சூரை. ஓவர்."

"உப்புப் போட்டனீங்களோ, கடல்தண்ணியை அள்ளி ஊத்தினனீங்களோ? ஓவர்."

படகுகள் எல்லாம் சிரித்தன. கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனி உன்னோட கதைக்கமாட்டன். ஓவர்."

அன்று மத்தியானக் காற்றில் ஒரு பனை சரிந்தது. கம்பியின் அறுந்த முனையைக் கடல் பக்கமிருந்த தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் கொடிக்கயிற்றால் கட்டினேன். நுனி நேரே கடலைப் பார்த்தது. ஓசுப் பைப்பால் தண்ணீர் பாய்வதுபோல் என் குரல் அதன் வழியே அவரிடம் பாயும் என்று நினைத்தேன்.

மறுநாள் சத்தமில்லை. கிழவர் கோபம் சாதிக்கிறார் என்று சிரித்தேன். நாலாம் நாள், எனக்கும் ரோசம் உண்டென்று செற்றை நிறுத்தினேன். ஏழாம் நாள்தான் பயம் பிடித்து, நகரத்திலிருந்து ரேடியோ திருத்துகிறவரைக் கூப்பிட்டேன்.

"ஆரம்மா இதைக் கட்டினது?"

"நான்தான் தம்பி. வடிவாயில்லையோ?"

"இந்தக் கம்பிக்கு நுனிப்பக்கம் செவிடு அம்மா. விலாப்பக்கத்தாலதான் கதைக்கும், கேக்கும். நீங்கள் கடலுக்குச் செவிட்டுக் காதைக் காட்டி வச்சிருக்கிறியள். இந்த வயரும் பனை விழேக்க வெடிச்சு, உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு. வந்த கொஞ்சச் சத்தத்தையும் அது குடிச்சிட்டுது."

விழுந்த பனை நின்ற இடத்தில் கம்பம் நட்டு, கம்பியைப் பழையபடி கரையோடு கட்டி, வயரையும் மாற்றினார். செற் இரைந்தது. குரல் இல்லை.

இரண்டு நாள் கழித்து வேறொரு படகு கரைக்கு வந்தது. அதன் ஓட்டி படலையடியில் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"உங்கட ஆள் மூண்டு நாள் விடியக் கூப்பிட்டவர் அம்மா. 'இஞ்சாரப்பா, கேக்குதோ' எண்டது மட்டும்தான் எங்களுக்கு விளங்கினது. புருசன் பெண்சாதிக் கதைதானே எண்டு நாங்கள் சனலை மாத்திப்போட்டம்."

கடற்படை தேடியது. பிறகு விட்டுவிட்டது. கிழவரின் படகும் வரவில்லை, அதிலிருந்த ஒருவரும் வரவில்லை.

காலை ஆறு மணிக்கு இப்போதும் செற்றைப் போடுகிறேன். அது சரியாகத்தான் வேலை செய்கிறது. அதுதான் தாங்க ஏலாதது.

அயல் பெண்கள் வந்து, கடைசியாக அவர் என்ன சொன்னவர் என்று கேட்டார்கள். சனலை மாற்றிய அந்த ஓட்டியின் மனைவியும், என் முகத்தைப் பாராமல், அவர்களோடு நின்றாள்.

"என்னத்தைச் சொல்லுவார்? கறிக்குக் கடல்தண்ணியை அள்ளி ஊத்தினது உண்மைதான் எண்டு ஒத்துக்கொண்டவரடி" என்றேன்.